சிவப்புக் காருக்காக மல்லுக்கு நின்ற கொல்லர் மகன்

கிராமத்துக்குள் ஒரு மோட்டார் கார் வந்துவிட்டது!

அந்த ஊர் மக்கள் அதுவரை காரைப் பார்த்ததே இல்லை. பெரியவர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு சிறுவன் மட்டும் காரின் பின்னாலேயே ஓடினான். புழுதி கண்ணை மறைத்தது. மூச்சு வாங்கியது. அவன் விடவில்லை.

கார் ஓரிடத்தில் நின்றது. அதன் அடியில் இருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் தரையில் விழுந்தது. சிறுவன் குனிந்தான். தரையோடு மூக்கை வைத்து அந்த எண்ணெயை மோந்து பார்த்தான். கையில் தொட்டுப் பூசிக்கொண்டான். மல்லிகைப் பூவை மோந்தவன் போல அவன் முகம் மலர்ந்தது!

அவன் பெயர் சோய்சிரோ ஹோண்டா.

இன்று நம் ஊர்ச் சாலையில் ஐந்து நிமிஷம் நின்றால் போதும். ஹோண்டா என்று எழுதிய வண்டி ஒன்றாவது கடந்து போகும். அது ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர். பழுது பார்க்கும் பட்டறையில் வளர்ந்த ஒரு மெக்கானிக்கின் பெயர்.

குரங்குப் பெடல்

ஹோண்டா 1906-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி பிறந்தார். ஜப்பானில் ஹமாமட்சு என்ற நகரத்தை அடுத்த ஒரு சிற்றூர்தான் அவருடைய சொந்த ஊர். தகப்பனார் கிஹெய், கொல்லர். பிற்பாடு சைக்கிள் பழுது பார்க்கும் கடையும் வைத்தார். தாயார் மிகா, தறி நெய்பவர். ஏழைக் குடும்பம்.

ஊரில் அரிசி தீட்டும் மில் ஒன்று இருந்தது. அதில் ஓடும் என்ஜினின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று குழந்தை அடம் பிடிப்பான். தாத்தா முதுகில் தூக்கிக்கொண்டு போவார்.

பள்ளிக்கூடத்தில் அவன் படு மக்கு. ஆனால் குறும்பில் முதல் மாணவன்!

ஜப்பானில் கையெழுத்துக்குப் பதில் முத்திரை குத்துவது வழக்கம். பள்ளியில் கொடுக்கும் மார்க் அட்டையில் தகப்பனாரின் முத்திரை வேண்டும். மார்க்கோ மோசம். அப்பாவிடம் காட்டினால் அடி விழும். பையன் என்ன செய்தான் தெரியுமா? சைக்கிள் பெடலின் ரப்பரை வெட்டி எடுத்து, தானே முத்திரை செதுக்கிக் குத்திவிட்டான்.

அந்த வித்தை நன்றாகவே நடந்தது. நண்பர்களும் வந்து கேட்டார்கள். அவர்களுக்கும் செதுக்கிக் கொடுத்தான். அங்கேதான் மாட்டிக்கொண்டான்!

முத்திரையில் எழுத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும். இல்லாவிட்டால் குத்தும்போது இடம் வலம் மாறி விழும். நம் ப என்ற எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தாலும் ப-வாகவே தெரியும் அல்லவா? ஹோண்டா என்ற பெயரின் ஜப்பானிய எழுத்துக்களும் அந்த மாதிரிதான். திருப்பாமல் செதுக்கினாலும் சரியாக விழுந்தன. மற்றப் பையன்களின் பெயர்கள் அப்படி இல்லை. வாத்தியார் பார்த்தார். பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை.

1917-ல் ஹமாமட்சு நகருக்கு ஆர்ட் ஸ்மித் என்ற அமெரிக்க விமானி வந்தார். வானத்தில் குட்டிக்கரணம் போட்டுக் காட்டுவார் என்று பேச்சு. ஹோண்டாவுக்கு அப்போது பத்து வயது. வீட்டில் இருந்து கொஞ்சம் சில்லறையை எடுத்துக்கொண்டான். தகப்பனாரின் சைக்கிளையும் எடுத்தான். சைக்கிளோ பெரிது, கால் எட்டவில்லை. குரங்குப் பெடல் போட்டே 20 கிலோ மீட்டர் போனான்!

அங்கே போனால், கொண்டு வந்த காசு நுழைவுச் சீட்டுக்குப் போதவில்லை. பையன் யோசித்தான். பக்கத்தில் ஒரு பைன் மரம் நின்றது. விறுவிறுவென்று ஏறி உட்கார்ந்துகொண்டான். விமானத்தைக் கண் குளிரப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினான்.

வீட்டில் தகப்பனார் கோபத்தோடு காத்திருந்தார். பையன் விமானத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான் என்று தெரிந்ததும் அவருடைய கோபம் போன இடம் தெரியவில்லை. இரும்போடு பழகிய கை அல்லவா! அவருக்கும் யந்திரம் என்றால் ஆசைதான்.

முதுகில் குழந்தை

1922-ல் பள்ளிப் படிப்பு முடிந்தது. டோக்கியோவில் ஆர்ட் ஷோகாய் என்ற மோட்டார் பட்டறையின் விளம்பரத்தைப் பத்திரிகையில் பார்த்து, ஹோண்டா கடிதம் எழுதினார். வரச் சொல்லிப் பதில் வந்தது. பதினைந்து வயதுப் பையன் மூட்டை கட்டிக்கொண்டு தலைநகருக்குப் போனான்.

கையில் ஸ்பானரைக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தான். முதலாளியின் கைக்குழந்தையைக் கொடுத்தார்கள்!

குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பட்டறையைச் சுற்றிச் சுற்றி வர வேண்டியது. பெரிய மெக்கானிக்குகள் வேலை செய்வதை ஓரமாக நின்று பார்க்க வேண்டியது. குழந்தை முதுகை நனைத்தால் எல்லாரும் கேலி செய்து சிரிப்பார்கள். ஓடிப்போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. தகப்பனாரின் முகத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டான்.

மாதங்கள் கழிந்தன. பனி கொட்டிய ஒரு நாள், பட்டறையில் வேலை குவிந்துவிட்டது. ஆள் போதவில்லை. முதலாளி சகாகிபாரா, பையனைக் கூப்பிட்டார். ஹோண்டா காரின் அடியில் புகுந்தான். மேலே இருந்து பனி உருகி முகத்தில் சொட்டியது. அவனுக்கு அது தெரியவே இல்லை. கையில் கருவி வந்துவிட்டது!

எரிந்த கார்கள்

1923-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி. நண்பகல் ஆகப் போகிற நேரம். டோக்கியோ நகரம் கிடுகிடுவென்று ஆடியது. வீடுகளில் சமையல் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்த வேளை. பூகம்பத்தோடு தீயும் சேர்ந்துகொண்டது. அந்தப் பேரழிவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

தீ பட்டறையை நோக்கி வந்தது. உள்ளே நின்றவை எல்லாம் பிறர் நம்பி விட்டுச் சென்ற கார்கள். அவற்றை வெளியே கொண்டுபோகும்படி முதலாளி சொன்னார். ஹோண்டா அதுவரை சாலையில் கார் ஓட்டியதே இல்லை. ஒரு காரில் ஏறி உட்கார்ந்தான். கூட்டத்தினிடையே வளைத்து வளைத்து ஓட்டிப் பத்திரமான இடம் சேர்த்தான். ஊரே அழுகிற நேரத்தில், தான் கார் ஓட்டிவிட்டோம் என்ற பூரிப்பை அவனால் அடக்க முடியவில்லையாம். சின்னப் பையன்தானே!

பட்டறை சாம்பலாயிற்று. வேலையாட்களில் பெரும்பாலோர் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். ஹோண்டா போகவில்லை.

முதலாளி ஒரு காரியம் செய்தார். தீயில் வெந்த கார்களைச் சீர்ப்படுத்தும் வேலையை ஏற்றுக்கொண்டார். பெயிண்ட் உரிந்து, ஆசனங்கள் கருகி, வெறும் எலும்புக்கூடாக நின்றவை அவை. அந்தக் காலத்துச் சக்கரங்களின் ஆரக்கால்கள் மரத்தால் ஆனவை; எல்லாம் கரியாகியிருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, மரத்தை இழைத்துப் புது ஆரக்கால் பொருத்தி, என்ஜினை மறுபடி பேச வைத்தார்கள். எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தராத பாடத்தை, எரிந்த கார்கள் அந்தப் பையனுக்குச் சொல்லித் தந்தன.

அடுத்த ஆண்டு பட்டறைக்காரர்கள் பந்தயக் கார் ஒன்றை உருவாக்கினார்கள். அமெரிக்க மிட்செல் காரின் சட்டத்தில், கர்டிஸ் என்ற பழைய விமான என்ஜினைப் பொருத்தினார்கள். பகல் வேலை முடிந்த பிறகு இரவெல்லாம் அதே வேலை.

சென்னையில் இருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகிற வழியில், திருவள்ளூர் மாவட்டத்தில், சோழவரம் இருக்கிறது. இரண்டாவது உலகப் போருக்காக அமைத்த விமான ஓடுதளத்தில்தான் அங்கே பல ஆண்டுகள் கார் பந்தயங்கள் நடந்தன. அந்தக் கால ஜப்பானிலும் நிலைமை ஏறக்குறைய அதுதான். பந்தயத்துக்கென்று கட்டிய பாதை கிடையாது. கிடைத்த வெட்டவெளியில் ஓட்டுவார்கள்.

1924 நவம்பர் 23-ந் தேதி நடந்த பந்தயத்தில் அந்தக் கர்டிஸ் கார் முதலாவதாக வந்தது. ஓட்டியவர் முதலாளியின் தம்பி. பக்கத்தில் மெக்கானிக்காக உட்கார்ந்திருந்தவர் ஹோண்டா. பதினெட்டு வயது முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது!

1928-ல் ஹமாமட்சுவில் சொந்தமாகக் கிளைப் பட்டறை திறந்தார். எரிந்துபோன ஆரக்கால்களை அவர் மறக்கவில்லை. மரத்துக்குப் பதிலாக வார்ப்பு இரும்பில் ஆரக்கால் செய்து, அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அந்த இரும்பு ஆரக்கால்கள் கடல் கடந்து இந்தியா வரை விற்பனைக்கு வந்தன.

அடி மேல் அடி

1936-ல் ஹோண்டா தாமே ஒரு பந்தயக் காரை ஓட்டினார். பக்கத்தில் தம்பி பெஞ்சிரோ. அசுர வேகத்தில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது, குறுக்கே இன்னொரு கார் வந்துவிட்டது. மோதல்! கார் உருண்டது. அண்ணனும் தம்பியும் காயம் அடைந்தார்கள்.

பிறகு, என்ஜினுக்குள் இருக்கும் பிஸ்டன் வளையங்களைத் தயாரிக்கும் தொழிலில் இறங்கினார். டொயோட்டா கம்பெனியிடம் ஐம்பது வளையங்கள் சோதனைக்குப் போயின. தேறியவை மூன்றே மூன்று! முப்பது வயதைத் தாண்டியவர், இளைஞர்களோடு தொழில்நுட்பப் பள்ளியில் போய் உட்கார்ந்தார். இரும்பில் சிலிக்கன் போதவில்லை என்று அங்கே தெரிந்துகொண்டார். பரீட்சை எழுத மறுத்துவிட்டதால் சான்றிதழ் கிடைக்கவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை.

போர் வந்தது. ஒரு தொழிற்சாலை குண்டுவீச்சில் போயிற்று. இன்னொன்று 1945 ஜனவரியில் பூகம்பத்தில் இடிந்தது. மிஞ்சியதை டொயோட்டாவுக்கு நாலரை லட்சம் யென்னுக்கு விற்றுவிட்டு, ஓராண்டு சும்மா இருந்தார். புல்லாங்குழல் ஊதினார். நண்பர்களோடு குடித்தார். கணவருக்கு என்ன ஆயிற்றோ என்று மனைவி சாச்சி தவித்துப் போனார்.

தவிப்பு தீர்ந்தது. ராணுவம் கைவிட்ட சின்னஞ்சிறு என்ஜின்கள் ஹோண்டாவின் கண்ணில் பட்டன. கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் தர வைத்திருந்தவை அவை. 1946-ல் அவற்றைச் சைக்கிளில் பொருத்தினார். பெட்ரோல் டாங்க் வேண்டுமே? படுக்கையில் சூட்டுக்காக வைத்துக்கொள்ளும் வெந்நீர்க் குடுவையை மாட்டினார்! அந்தச் சைக்கிளை ஊருக்குள் ஓட்டிக் காட்டியவர் சாச்சி அம்மையார். எண்ணெய் தெறித்து உடுப்பெல்லாம் பாழாகிறது என்று அவர் குறை சொல்ல, அந்தக் கோளாறும் சரி செய்யப்பட்டது. மோட்டார் ஓட்டம் பார்க்க மனைவியைவிட நேர்மையான ஆள் கிடைப்பாரா?

1948-ல் ஹோண்டா மோட்டார் கம்பெனி பிறந்தது. அடுத்த ஆண்டு டக்கியோ புஜிசாவா என்ற வியாபாரத் திறமைசாலி வந்து சேர்ந்தார். யந்திரம் ஹோண்டாவின் பொறுப்பு. பணம் புஜிசாவாவின் பொறுப்பு. மோட்டார் சைக்கிள்கள் உலகமெங்கும் ஓடின. 1961-ல் பிரிட்டனை அடுத்த மான் தீவில் நடந்த உலகப் புகழ்பெற்ற பந்தயத்திலும் வெற்றி கிடைத்தது.

ஆனாலும், காரின் பின்னால் ஓடிய அந்தப் பையனின் ஆசை இன்னும் தீரவில்லை.

அரசாங்கத்தோடு மோதல்

கார் செய்யலாம் என்று அவர் நினைத்த நேரத்தில் அரசாங்கம் குறுக்கே வந்தது. நாட்டில் கார் கம்பெனிகள் அதிகமாகிவிட்டன. இருப்பவற்றை மூன்று பிரிவாக்கினால் போதும். இனிப் புதிதாக யாரும் வரக் கூடாது என்பது வர்த்தக, கைத்தொழில் இலாகாவின் திட்டம். அதற்காகச் சட்டமும் தயாராகிக்கொண்டிருந்தது.

அதிகாரிகளிடம் நேரே போய்ச் சண்டை போட்டார் ஹோண்டா. என்ன தொழில் செய்வது என்று சொல்ல அரசாங்கம் யார் என்பது அவருடைய வாதம். சண்டை மட்டும் போதாது என்பதும் அவருக்குத் தெரியும். சட்டம் வருவதற்குள் கார் செய்து காட்டிவிட வேண்டும். இரவு பகலாக வேலை நடந்தது.

1962 ஜூன் மாதம். சுசூகா என்ற இடத்தில் பந்தயப் பாதை கட்டிக்கொண்டிருந்தார்கள். நாடெங்கும் இருந்து விற்பனையாளர்கள் வந்து கூடியிருந்தார்கள். ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் சீறிக்கொண்டு வந்தது. ஓட்டி வந்தவர், ஐம்பத்தைந்து வயது ஹோண்டா! எஸ் 360 என்பது அதன் பெயர்.

அதோடு இன்னொரு தகராறு. சிவப்பு நிறக் கார் செய்யக் கூடாது என்று விதி இருந்தது. தீயணைப்பு வண்டி சிவப்பு, மக்கள் குழம்பிவிடுவார்களாம். ஸ்போர்ட்ஸ் காருக்குச் சிவப்புதான் அழகு என்று ஹோண்டா ஒற்றைக் காலில் நின்றார். ஒரு நிறத்தை அரசாங்கமே வைத்துக்கொள்வது என்ன நியாயம் என்று பத்திரிகையில் எழுதினார். கம்பெனி ஆட்கள் இலாகாவின் படிகளை ஏறி இறங்கித் தேய்த்தார்கள். கடைசியில் அனுமதி கிடைத்தது. ஜப்பானில் மற்றவர்களும் சிவப்புக் காரில் போக வழி பிறந்தது.

எஸ் 360 கடைக்கு வரவில்லை. அதைவிடச் சற்றுப் பெரிய எஸ் 500 வந்தது. விலை என்ன என்று ஊகிக்கும்படி பத்திரிகைகளில் போட்டி வைத்தார்கள். 50 லட்சத்துக்கு மேற்பட்ட தபால் கார்டுகள் குவிந்தன! சரியான விடை 4 லட்சத்து 59 ஆயிரம் யென். 1963 அக்டோபரில் கார் விற்பனைக்கு வந்தது. புதியவர்களைத் தடுக்கும் சட்டமோ, நிறைவேறாமலே 1964-ல் கைவிடப்பட்டது.

மோட்டார் சைக்கிள்காரர் செய்த கார்

அந்தக் காரின் மூடியைத் திறந்தால் யார் செய்தது என்று உடனே புரிந்துவிடும்.

என்ஜின் 531 சி.சி. பழைய 500 சி.சி. புல்லட் மோட்டார் சைக்கிளைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். ஆனால் நிமிஷத்துக்கு 8,000 தடவை சுழலும். 44 குதிரைச் சக்தி தரும். நாலு சிலிண்டர். நாலுக்கும் தனித்தனியே நாலு கார்புரேட்டர். பின் சக்கரங்களைச் சுழற்றுவது சங்கிலி! மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற சங்கிலிதான். சக்கரத்துக்கு ஒன்றாக, எண்ணெய் நிரம்பிய பெட்டிக்குள் அவை ஓடும்.

பிறகு எஸ் 600, எஸ் 800 என்ற தம்பிகள் வந்தார்கள். 1970-ல் இந்த வரிசை நின்றது. இன்று பல நாடுகளில் ரசிகர்கள் இந்தப் பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்து, ஓய்வு நாட்களில் சீர்ப்படுத்தி வைத்திருக்கிறார்கள். லேசான வேலை அல்ல. நாலு பேர் பல்லக்குத் தூக்கினால் நாலு பேர் அடியும் ஒன்றாக விழ வேண்டும் அல்லவா? நாலு கார்புரேட்டரும் அப்படித்தான். ஒன்றில் காற்று கூடினாலும் என்ஜின் இருமும். சங்கிலிப் பெட்டியின் எண்ணெயை மறந்தால் சங்கிலி தேயும். மெல்லிய தகட்டில் துரு புகுந்தால் புற்று போல அரிக்கும். காசு இருந்தால் போதாது, பொறுமை வேண்டும்.

நம் பக்கத்திலும் அந்தப் பொறுமைசாலிகள் உண்டு. திருவள்ளூர் அருகே இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் என்ற ஜப்பானிய கார் தயாராயிற்று. தயாரிப்பு நின்று வெகு காலம் ஆகிவிட்டது. அதைக் கண்ணுக்குக் கண்ணாகப் பாதுகாக்கும் ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பிடிவாதத்தின் விலை

ஹோண்டாவைத் தெய்வப் பிறவி என்று சொல்ல முடியாது. கோபம் வந்தால் கண் தெரியாது. பட்டறையில் ஸ்பானர் பறக்கும். அடி வாங்கிய என்ஜினீயர்கள் பலர். பிடிவாதமும் அதிகம்.

என்ஜினைக் காற்றால்தான் குளிர வைக்க வேண்டும், தண்ணீர் கூடாது என்பது அவருடைய கொள்கை. மோட்டார் சைக்கிளில் அது சரி. 1965-ல் ஹோண்டா கம்பெனியின் கார் மெக்சிகோவில் முதல் தரமான ஃபார்முலா ஒன் பந்தயத்தில் வென்றது. அது தண்ணீரால் குளிரும் என்ஜின். ஆனாலும் அவர் மனம் மாறவில்லை. காற்றால் குளிரும் பந்தயக் கார் ஒன்றைச் செய்ய வைத்தார். குழுவின் முக்கிய ஓட்டுநர் ஜான் சர்ட்டீஸ், அது இன்னும் தயாராகவில்லை என்று ஓட்ட மறுத்தார். 1968 ஜூலை 7-ந் தேதி பிரான்சில் நடந்த பந்தயத்தில், ஜோ ஷ்லெஸ்ஸர் என்ற பிரெஞ்சு வீரர் அதை ஓட்டினார். தொடங்கிய சற்று நேரத்திலேயே கார் மோதித் தீப்பற்றியது. அவர் மாண்டார்.

அதற்குப் பிறகும் காற்றால் குளிரும் குடும்பக் கார் ஒன்று வந்தது. அது எடுபடவில்லை. இளம் என்ஜினீயர்கள் புஜிசாவாவிடம் முறையிட்டார்கள். புகையைக் குறைக்க வேண்டுமானால் தண்ணீர் என்ஜின்தான் வழி என்றார்கள். புஜிசாவா ஹோண்டாவிடம் பேசினார். கம்பெனியின் தலைவராக இருக்கப் போகிறாரா, வெறும் என்ஜினீயராக இருக்கப் போகிறாரா என்று கேட்டுவிட்டார். ஹோண்டா யோசித்தார். தலைவராக இருப்பதாகச் சொன்னார். தண்ணீர் என்ஜினுக்குச் சம்மதித்தார். 1972-ல் அந்த இளைஞர்கள் செய்த என்ஜின், அமெரிக்காவின் கடுமையான புகைச் சட்டத்தை முதன்முதலில் நிறைவேற்றிக் காட்டியது!

1973-ல் ஹோண்டாவும் புஜிசாவாவும் ஒரே நேரத்தில் பதவியை விட்டார்கள். மகனுக்கு நாற்காலியைக் கொடுக்கவில்லை. தம்பி பெஞ்சிரோவும் முன்பே விலகச் சொல்லப்பட்டிருந்தார்.

வேலை இல்லாத ஹோண்டா நாடு முழுவதும் சுற்றினார். ஹோண்டா வண்டிகளை விற்கும் கடைகள், பழுது பார்க்கும் பட்டறைகள் என்று ஒவ்வொன்றாகப் போய்த் தொழிலாளர்களின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். ஓரிடத்தில் ஒரு மெக்கானிக், கையெல்லாம் எண்ணெயாக இருக்கிறதே என்று கழுவிக்கொள்ள ஓடப் பார்த்தார். ஹோண்டா விடவில்லை. அந்தக் கையை அப்படியே பற்றிக் குலுக்கினார். பிறகு தம் கையை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்துக்கொண்டார்!

1991 ஆகஸ்ட் 5-ந் தேதி, தமது 84-வது வயதில், ஹோண்டா காலமானார். கம்பெனி சார்பில் பெரிய இறுதிச் சடங்கு வேண்டாம் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். கார் செய்தவனின் சாவால் சாலையில் கார்கள் நெரிந்து நிற்கக் கூடாதாம்.

சுசூகாவில் அவர் ஓட்டிக் காட்டிய எஸ் 360 என்ன ஆயிற்று? விற்பனைக்கே வராத கார் அல்லவா! மிச்சம் இல்லை. கம்பெனியின் என்ஜினீயர்கள் அதை மறுபடி உருவாக்கி, 2013-ல் டோக்கியோ கார் கண்காட்சியில் நிறுத்தினார்கள். அந்த 1924-ம் ஆண்டுக் கர்டிஸ் பந்தயக் கார் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. மோட்டெகி என்ற ஊரில் உள்ள ஹோண்டா காட்சிச் சாலையில் அதைப் பாதுகாக்கிறார்கள். என்ஜினை முடுக்கினால் இப்போதும் ஓடும்.